மக்கள்தொகை குறைந்துவிட்டால் நீரும் மீனும் காடும் தானாகத் தப்பித்துவிடுமா?

அரைக்கிணறு

கூட வேலை செய்கிற நண்பர் ஒருவரோடு இரண்டு வாரமாக வாய்ச்சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஏரி வற்றியது என்றாலும் காடு அழிந்தது என்றாலும் கடலில் மீன் இல்லை என்றாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஜனம் பெருத்துப் போச்சு, அதான்." அதற்குமேல் பேச்சே கிடையாது. 1960-ல் உலகத்தில் 300 கோடிப் பேர், 2022 நவம்பரில் 800 கோடி, இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

எனக்கு அது முழுசாகச் சரி என்றும் படவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஆள் கூடினால் செலவு கூடும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஆள் குறைந்த இடங்களிலும் வளம் அழிந்திருக்கிறதா, ஆள் கூடியும் வளத்தைக் காப்பாற்றிய இடம் ஏதாவது இருக்கிறதா? பொத்தாம்பொதுவாக "இயற்கையை நேசிக்க வேண்டும்" மாதிரி பதில் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது. நடந்த கதையாக ஒன்றிரண்டு சொன்னால் திங்கட்கிழமை போய்ப் பேச வசதியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை

முதலில் உங்கள் நண்பரின் எண்ணைச் சரிபார்த்துவிடலாம். 300, 800 இரண்டும் சரிதான். அவர் சொல்லாமல் விட்டது வேகம். 1960-களில் உலக மக்கள்தொகை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேலே வளர்ந்தது, இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 பிள்ளைகள், இப்போது இரண்டேகால். ஐ.நா. 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு, அதற்குப் பிறகு மெல்ல இறங்கும் என்று இருக்கிறது. ஆக "பெருத்துக்கொண்டே போகிறது" என்பது பழைய செய்தி.

அப்படியானால் பிள்ளை குறைந்த பிறகும் தலை எண்ணிக்கை ஏன் ஏறுகிறது என்று அடுத்து கேட்பார். இதைப் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். இரண்டு வீடு. பெற்றோர் 4 பேர், வீட்டுக்கு 6 பிள்ளை என்றால் 12. மொத்தம் 16. அந்த 12 பேரும் 6 ஜோடியாகி, ஜோடிக்கு இரண்டோடு நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். பேரப்பிள்ளைகள் 12, மொத்தம் 28. அவர்களும் இரண்டோடு நிறுத்துகிறார்கள், கொள்ளுப்பேரர்கள் 12. தாத்தா பாட்டி நால்வரும் காலமாகிவிட்டாலும் வீட்டில் 36 பேர். தாத்தா பாட்டிக்குப் பிறகு யாரும் இரண்டுக்குமேல் பெறவில்லை, ஆனாலும் 16 பேர் 36 ஆகிவிட்டார்கள். இளவட்டம் அதிகமாக இருக்கிற நாடுகளில் நடப்பது இதுதான். இன்றைக்கே உலகம் முழுக்க எல்லோரும் இரண்டோடு நின்றால்கூட இன்னும் சில பத்தாண்டுகள் ஏறத்தான் செய்யும், அதை எந்தச் சட்டம் போட்டும் பிரேக் அடித்து நிறுத்த முடியாது.

இரான் கதையை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேலே பிள்ளைகள். 1989-ல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. கிராமத்துக்குக் கிராமம் சுகாதார நிலையம், கல்யாணத்துக்கு முன் வகுப்பு, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து 2000 வாக்கில் அது இரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உலகத்திலேயே இவ்வளவு வேகமாக இறங்கிய நாடுகள் ரொம்பக் குறைவு. சரி, வளம் தப்பித்ததா? அதே நாட்டில் உர்மியா என்று பெரிய உப்பு ஏரி. 1990-களின் நடுவிலிருந்து சுருங்க ஆரம்பித்து, இருபது ஆண்டில் தண்ணீரில் பெரும்பகுதி போய்விட்டது. வறட்சியும் உண்டு. ஆனால் ஏரிக்கு வருகிற ஆறுகளில் அணைகள், சுற்றிலும் கிணறுகள், தண்ணீர் குடிக்கிற பயிர்கள் என்று அடுக்கியது மனிதர்கள்தான். பிறப்பு விகிதம் சரிந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் ஏரியும் சரிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், மேலே போட்ட கணக்குப்படி அங்கே தலை எண்ணிக்கையும் கூடிக்கொண்டேதான் இருந்தது. 1979-ல் சுமார் 3.7 கோடி, இப்போது 9 கோடி. அதனால் நண்பரை முழுக்கத் தோற்கடிக்க இந்தக் கதை உதவாது. பாதிதான் உதவும்.

துடுப்பு

ஆள் குறைவாக இருந்தும் அழிந்த இடம் கேட்டீர்கள். நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்கு ஓரம். மொத்த மாகாணத்திலும் 6 லட்சம் பேர்கூட இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அங்கே காட் என்கிற மீன். 1497-ல் முதலில் போன கப்பல்காரர்கள், கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீன் ஏறுகிறது என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஏறக்குறைய 450 ஆண்டுகள் தூண்டிலும் சின்ன வலையுமாகப் பிடித்துச் சாப்பிட்டு, ஏற்றுமதியும் செய்து, மீன் தீரவில்லை. 1950-களில் தொழிற்சாலைக் கப்பல்கள் வந்தன. நடுக்கடலிலேயே பிடித்து, வெட்டி, உறையவைக்கிற கப்பல், ராத்திரி பகல் பார்க்காமல், பனிக்காலத்தில்கூட. பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. 1968-ல் ஒரே வருடத்தில் 8 லட்சம் டன். அதற்கப்புறம் இறங்குமுகம்.

1977-ல் கனடா 200 கடல்மைல் வரை எங்களுடையது என்று அறிவித்து அந்நியக் கப்பல்களை வெளியே தள்ளியது. நியாயமாக அங்கே கதை முடிந்து மீன் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? தங்கள் நாட்டு இழுவைக் கப்பல்களைக் கட்டி அதே வேலையை அவர்களே தொடர்ந்தார்கள்!

எனக்கு வயிறு எரிகிற இடம் இதற்குப் பிறகு வருவது. மீன் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட, பெரிய கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதையும் எடுத்துக்கொண்டார்கள். பிடிப்பு குறையவில்லை, ஆகவே மீன் குறையவில்லை. ஆனால் காட் மீன் எண்ணிக்கை குறையக் குறைய மிச்சம் இருப்பவை ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும், கப்பலில் இருக்கிற சோனார் (ஒலியலையால் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிற கருவி) நேராக அந்தக் கூட்டத்தின் தலைக்குமேல் கொண்டுபோய் நிறுத்திவிடும். கடைசிக் கூட்டத்தை அள்ளும்போதும் வலை நிறைந்துதான் வரும். கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள் 1980-களிலேயே மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதில்லை என்று கத்தினார்கள். படிக்காதவன் பேச்சு என்று ஓரம் கட்டிவிட்டார்கள். 1992 ஜூலையில் மொத்தமாகத் தடை. 30,000 பேருக்குமேல் ஒரே நாளில் வேலை போனது. கொஞ்ச காலம் என்று சொல்லிப் போட்ட தடை 2024 வரை நீண்டது, அந்த ஆண்டு திறந்ததும் 18,000 டன் அளவுக்குத்தான். 8 லட்சம் எங்கே, 18 ஆயிரம் எங்கே.

தடைக்குப் பிறகு அந்த மாகாணத்தை விட்டு ஜனம் வெளியேறியது, மக்கள்தொகை குறைந்தது. மீன் உடனே திரும்பி வந்ததா? இல்லையே.

சுண்டெலி

எல்லோரும் ஒப்பாரி வைக்கிற மாதிரி இருக்கிறதே, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். 1798-ல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் மால்தஸ் சொன்னார், உணவு மெதுவாகக் கூடும், ஜனம் மடங்கு மடங்காகக் கூடும், பஞ்சம் வரும் என்று. அப்போது உலகத்தில் 100 கோடிகூட இல்லை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரம் செய்ய 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் வழி கண்டுபிடித்தார், 1913-ல் தொழிற்சாலையே ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பிடுவது அந்த உரத்தில் விளைந்ததைத்தான்.

1980-ல் ஒரு பந்தயமும் நடந்தது. ஜனப்பெருக்கத்தால் எல்லாம் தீரும் என்று எழுதிக்கொண்டிருந்த பால் எர்லிக் ஒரு பக்கம், மனித மூளைதான் எல்லாவற்றிலும் பெரிய வளம் என்று சொன்ன பொருளாதார நிபுணர் ஜூலியன் சைமன் மறுபக்கம். தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன், ஐந்தையும் தலா 200 டாலருக்கு வாங்கியதாகக் கணக்கில் வைத்து, பத்து ஆண்டு கழித்து விலை ஏறினால் எர்லிக் ஜெயித்தார், இறங்கினால் சைமன். அந்தப் பத்து ஆண்டில் உலகத்தில் 80 கோடிப் பேர் கூடினார்கள், ஐந்து உலோகமும் பணவீக்கம் கழித்துப் பார்த்தால் விலை இறங்கியிருந்தது. இறங்கிய தொகை 576 டாலருக்கு எர்லிக் செக் அனுப்பினார். இதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

மழைமானி

சுண்டெலி, அந்தப் பந்தயத்தை நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் வேறொரு பத்தாண்டை எடுத்திருந்தால் எர்லிக் ஜெயித்திருப்பார், 2000-களில் தாமிரம் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் பந்தயம் கட்டியது உலோகத்தில். சுரங்கத்துக்குச் சொந்தக்காரன் உண்டு, விலைச்சீட்டு உண்டு. விலை ஏறினால் ஒருவன் புதுச் சுரங்கம் தேடுவான், இன்னொருவன் தாமிரக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை போடுவான். நிலத்தடி நீருக்கு அந்த விலைச்சீட்டு எங்கே? நான் இன்றைக்கு இறைக்காவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் இறைப்பார். தண்ணீர் குறையும்போது விலை ஏறி யாரையும் எச்சரிக்காது, போர் இன்னும் ஐம்பது அடி கீழே இறங்கும், அவ்வளவுதான். துடுப்பு சொன்ன மீனும் அதே வகை. ஆக எந்த வளம் என்று கேட்காமல் "வளம் தீருமா தீராதா" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

உலகத்தில் மனிதர்கள் எடுக்கிற நன்னீரில் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அதனால் ஆள் எத்தனை என்பதைவிட எங்கே எந்தப் பயிர் என்பதுதான் பெரிய கேள்வி.

நல்ல கதை ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் நடுவில் எட்டு மாநிலங்களுக்கு அடியில் ஓகலாலா என்று ஒரு நிலத்தடி நீர்ப்படுகை. மேலே இருக்கிற பல கிராமப்புற மாவட்டங்களில் ஜனம் பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது, பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள். ஆனாலும் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் இறைப்பது ஆட்களுக்காக இல்லை, பெரும்பாலும் மக்காச்சோளத்துக்காக. வடமேற்கு கான்சஸில் ஷெரிடன் என்கிற பகுதியில் விவசாயிகளே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்து ஆண்டுக்கு இறைப்பை 20 சதவீதம் குறைப்பது என்று முடிவு செய்து அரசிடம் சட்ட அங்கீகாரம் வாங்கினார்கள். ஏக்கருக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 55 அங்குலம் தண்ணீர். வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டாமல் ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கொடுத்ததுதான் இதில் சூட்சுமம். மழை பொய்த்த வருடம் கூடுதலாக இறைத்துக்கொள்ளலாம், நல்ல மழை வருடத்தில் மிச்சம் பிடிக்கலாம், கணக்கு அவரவர் கையில். மீட்டர் பொய் சொல்லாது. சிலர் மக்காச்சோளத்தைக் குறைத்துச் சோளத்துக்கும் கோதுமைக்கும் மாறினார்கள், சிலர் மண்ணில் ஈரத்தை அளக்கிற கருவியைப் புதைத்து, தேவைப்பட்டால் மட்டும் மோட்டாரைப் போட்டார்கள். ஐந்து ஆண்டு முடிவில் குறைப்பு 20 சதவீதத்தையும் தாண்டியிருந்தது, வருமானம் பெரிதாக அடிவாங்கவில்லை. மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். படுகை நிரம்பிவிட்டது என்று சொல்லவில்லை, வற்றுகிற வேகம் குறைந்தது, அதுவே பெரிய விஷயம்.

அரைக்கிணறு

அடடா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மழைமானி, அந்த ஐந்து வருடக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமையே நண்பரிடம் கொஞ்சம் எடுத்துவிட்டேன், பொறுக்கவில்லை. மீன் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார், "பொதுச் சொத்து என்றால் அப்படித்தான், எவனும் பொறுப்பாக இருக்க மாட்டான், இதை ஒரு அமெரிக்கப் பேராசிரியர் எப்போதோ நிரூபித்துவிட்டாராம்." யார் அந்தப் பேராசிரியர்?

பழையவாத்தியார்

கேரட் ஹார்டின். 1968-ல் எழுதிய கட்டுரை. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிடுவார்கள், லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லோருக்கும், கடைசியில் புல்லே மிஞ்சாது என்பது வாதம். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தக் கட்டுரையின் குறி மாடு இல்லை தம்பி, மக்கள்தொகைதான். பிள்ளை பெறுகிற சுதந்திரத்தையே கட்டுப்படுத்த வேண்டும் என்று முடிப்பார். உங்கள் நண்பர் அறியாமலே சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். "நிரூபித்தார்" என்பதுதான் தப்பு. எந்த ஊருக்கும் போய்ப் பார்த்து எழுதியது இல்லை அது, உட்கார்ந்த இடத்தில் யோசித்தது. நான் சொன்னது மேற்பார்வை இல்லாத பொதுச் சொத்தைப் பற்றி என்று பின்னாளில் அவரே திருத்திக்கொண்டார்.

ஊர் ஊராகப் போனவர்கள் எழுதியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். அவர் எடுத்துக்காட்டுகிற ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்து மலையில் டோர்பெல். மேய்ச்சல் நிலமும் காடும் ஊருக்குப் பொது. 1517-ல் எழுதிவைத்த விதி ஒன்று: பனிக்காலத்தில் உன் சொந்த நிலத்து வைக்கோலைப் போட்டு எத்தனை மாட்டை உன்னால் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். எவ்வளவு அழகான அளவுகோல் பாருங்கள். புல்லை யாரும் அளக்க வேண்டாம், தொழுவத்தை எட்டிப் பார்த்தால் போதும். காட்டில் எந்த மரத்தை வெட்டலாம் என்று முதலில் குறி போடுவார்கள், பிறகு வெட்டிய மரத்தைப் பங்கு வைத்துச் சீட்டுக் குலுக்குவார்கள். இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி இனிமேல்தான். அந்த ஊரில் மக்கள்தொகையும் பெரிதாகப் பெருக்கவில்லை. தாமதமாகக் கல்யாணம், கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள் நிறைய, பிள்ளைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி, வேலை தேடி வெளியூர் போய்விடுவது. ஆக விதியும் எண்ணிக்கையும் கூடவே நடந்திருக்கின்றன. எண்ணிக்கை முக்கியமே இல்லை என்று உங்கள் நண்பரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்குப்பிள்ளை

வாத்தியார் சொல்வதோடு ஒரு எச்சரிக்கை. கிராமம், மேய்ச்சல், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற இடம், அங்கே இது வேலை செய்யும். வளிமண்டலத்துக்கு எந்த ஊர்க்கூட்டம்? ஓசோன் படலத்தைக் காக்கிற விஷயத்தில் 1987-ல் மான்ட்ரியலில் கையெழுத்துப் போட்டு உலகமே ஓரளவு சாதித்தது உண்மை, ஆனால் அங்கே நிறுத்த வேண்டியது சில வகை ரசாயனங்களை, அவற்றுக்கு மாற்றும் கிடைத்தது. கரியமில வாயு அப்படி இல்லை, எல்லா வேலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்க முடியாது, உலகத்தில் வசதியான 10 சதவீதம் பேர் ஏறக்குறைய பாதி வாயுவை வெளிவிடுகிறார்கள். ஜனம் வேகமாகப் பெருகுகிற நாடுகள் பலவற்றில் தலைக்கு ஒரு டன்கூடத் தேறாது. "ஜனம் பெருத்ததுதான் காரணம்" என்று சொல்லும்போது விரல் தப்பான ஆளை நோக்கி நீளுகிறது, எனக்கு உறுத்துவது அதுதான்.

சிக்கனமான இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்: 1865-லேயே ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர் ஜெவன்ஸ் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்க எரிக்க இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்தது. மலிவாகிவிட்டதால் எல்லோரும் இயந்திரம் வைத்தார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டு, மிச்சமான தண்ணீரில் இன்னும் பத்து ஏக்கர் சேர்த்துப் பயிர் செய்வதும் இதே கதைதான்.

அரைக்கிணறு

திங்கட்கிழமை ஆயிற்று. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். காட் மீனுக்குத் தலையாட்டினார், இரானுக்கு "9 கோடி ஆயிற்றே, பார்த்தாயா" என்று என்னையே மடக்கினார் (கணக்குப்பிள்ளை முன்பே சொன்னார், நான்தான் கேட்கவில்லை). டோர்பெல்லுக்கு மட்டும் ஒரு கேள்வி போட்டுவிட்டுப் போய்விட்டார்: "மாட்டை எண்ணினார்கள், சரி. எண்ணப் போனவனுக்கு என்ன வந்தது? சொந்தக்காரன் தொழுவத்தில் பத்து மாடு நின்றால் எட்டு என்று எழுதிவிட்டுப் போயிருப்பான்." வாத்தியார் ஐயா, இதற்கு ஏதாவது இருக்கிறதா?

பழையவாத்தியார்

நல்ல கேள்வி, ஊரை அறிந்தவர் கேட்கிற கேள்வி. இருக்கிறது. கணக்குக்கு மேல் மாடு ஓட்டியவனுக்கு அபராதம் விதிக்க ஊர் ஒரு அதிகாரியை வைத்திருந்தது. வசூலான அபராதத்தில் பாதி அவர் எடுத்துக்கொள்ளலாம்.

அரைக்கிணறு

பாதியா! நாளைக்கு மதியம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.